‘ஆள் தர மாட்டோம்’

காவசாகியில் இருந்த நான்கு வருடமும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது ரொக்குகோ பாலத்தைச் சைக்கிளில் கடந்திருப்பேன். இந்தக் கரை காவசாகி, அந்தக் கரை தோக்கியோ, நடுவில் தாமா ஆறு. பாலத்தின் நடுப்பகுதியில் குளிர்காலக் காற்று ஆளையே தள்ளும். முன்கூடையில் இருக்கும் வெங்காயப் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இறங்கி உருட்டிக்கொண்டு போய்விடுவேன். கீழே ஆற்றோர மைதானத்தில் பையன்கள் பேஸ்பால் ஆடிக்கொண்டிருப்பார்கள். எனக்கும் அந்தப் பாலத்துக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள், 1937 ஜனவரியில் ஜப்பானில் நடந்ததைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பாலத்தின் பெயர் வந்தது. புத்தகத்தில் நம் தெருப் பெயரைப் பார்த்தால் வருகிற ஒரு திடுக்கிடல் இருக்கிறதே, அது. பாலம் அதே பாலம் இல்லை. அப்போது இருந்தது 1925-இல் கட்டிய இரும்பு வளைவுப் பாலம், நான் சைக்கிள் உருட்டியது அதற்கு ரொம்பப் பின்னால் வந்தது. ஆனால் இடம் அதுதான்.

1937 ஜனவரி 24, இரவு. இசு தீபகற்பத்தில் நாகாவோகா என்ற வெந்நீரூற்று ஊரில் தங்கியிருந்த 68 வயது முன்னாள் ராணுவ அமைச்சர் ஒருவருக்கு அரண்மனையிலிருந்து அழைப்பு வருகிறது. முந்தின நாள்தான் அமைச்சரவை ராஜினாமா செய்திருந்தது. அடுத்ததை நீ அமை என்று பேரரசர் சொல்லப்போகிறார். அந்தக் காலத்தில் ஜப்பானில் பிரதமர் ஆவது அப்படித்தான். ஓட்டு எண்ணிக்கை வேறு கதை. சாயோன்ஜி கிம்மொச்சி என்ற முதிய பிரபு யார் பெயரைச் சொல்கிறாரோ அவரை அரண்மனை கூப்பிடும். நள்ளிரவு நேரத்தில் கார் தோக்கியோவின் எல்லையை நெருங்குகிறது. ரொக்குகோ பாலத்தில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார். ராணுவப் போலீஸின் தலைவர், லெப்டினென்ட் ஜெனரல் நாகஜிமா கெசாகோ. அவர் அந்தக் காரிலேயே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். கொண்டுவந்த செய்தி ஒன்றுதான்: ராணுவத்துக்குள் நிலைமை சரியில்லை, இளம் அதிகாரிகள் கொதித்துப்போயிருக்கிறார்கள், இந்தப் பொறுப்பை ஏற்காதீர்கள்.

யோசித்துப் பாருங்கள். பேரரசரைப் பார்க்கப் போகிற ஒருவரை, பேரரசரின் பெயரால் சம்பளம் வாங்கும் போலீஸ் தலைவர் வழியில் மடக்கி, போகாதே என்கிறார். காரில் இருந்தவர் கேட்டுக்கொண்டார். அரண்மனைக்குப் போனார். நள்ளிரவு தாண்டி, 25-ஆம் தேதி பிறந்த பிறகு, பொறுப்பையும் வாங்கிக்கொண்டார்.

அவர் பெயர் உகாகி கசுஷிகே. ஜெனரல். பிரதமராக ஆகாமலேயே பிரதமர்கள் வரிசையில் பேசப்படுகிறவர்.

வார இறுதிகளில் எங்கள் பகுதியில் வெளிநாட்டவருக்கு இலவசமாக ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவர் வருவார். அவரிடம் உகாகி பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டு, தாளில் இரண்டு எழுத்து எழுதிக் காட்டினார். ‘வாக்குசெய்’. கோள், கிரகம். பத்திரிகைகள் உகாகிக்கு வைத்த பட்டப்பெயர் ‘அரசியல் உலகின் கோள்’ என்று விளக்கினார். எப்போது பார்த்தாலும் வானத்தில் தெரியும், அடுத்து எங்கே போகும் என்று யாருக்கும் பிடிபடாது. முதல் எழுத்துக்குக் குழப்புவது, அலைக்கழிப்பது என்றுதான் பொருளாம். தமிழில் கோள் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது என்று அவரிடம் சொல்ல முயன்றேன், என் ஜப்பானியம் போதவில்லை.

உகாகி பிறந்தது 1868-இல், மெய்ஜி ஆட்சி பிறந்த அதே வருடம். ஒக்காயாமா பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம், கடைக்குட்டி. கொஞ்ச நாள் ஆரம்பப் பள்ளி வாத்தியார். அப்புறம் ராணுவப் பள்ளி, ராணுவக் கல்லூரி, ஜெர்மனியில் இரண்டு முறை படிப்பு. அந்த நாள் ஜப்பானிய ராணுவத்தில் மேலே போக வேண்டுமென்றால் சோஷு அல்லது சத்சுமா பகுதிக்காரனாகப் பிறந்திருக்க வேண்டும் என்பார்கள். இவர் இரண்டும் இல்லை. ஆனால் சோஷுக்காரரான தனாகா கீச்சியின் நிழலில் வளர்ந்தார். தனாகாவும் ஜெனரல்தான், 1925-இல் ராணுவத்தை விட்டுவிட்டு நேராக செய்யூகாய் கட்சியின் தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, 1927-இல் பிரதமரும் ஆகிவிட்டார். சீருடையைக் கழற்றிக் கட்சிக்குள் போவது ஒரு வழி. உகாகி அந்த வழியை எடுக்கவில்லை. கட்சிகள் தன்னை வந்து கூப்பிடும் என்று கடைசிவரை நம்பிய ஆள் அவர். எனக்கு அவரிடம் சுவாரசியமும் சலிப்பும் ஒருசேர வருவது இந்த இடத்தில்தான்.

இனி சொல்லப்போகிற சமாசாரம் கொஞ்சம் சட்டத்துறை வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

ராணுவ அமைச்சராக யார் வரலாம்? 1900-இல் யாமாகாதா பிரதமராக இருந்தபோது ராணுவ அமைச்சகத்தின் அமைப்பு ஆணையில், பின்னிணைப்பு அட்டவணைக்குக் கீழே, ஒரு குறிப்பு சேர்த்தார்கள். அமைச்சராக வருகிறவர் ஜெனரல் தரத்தில் இருக்க வேண்டும், அதுவும் ‘கெனெகி’யாக இருக்க வேண்டும். கெனெகி என்றால் இப்போது பணியில் இருப்பவர்; ஓய்வுபெற்று ரிசர்வ் பட்டியலில் இருப்பவர் ஆகாது. ஒரே சொல். அரசியலமைப்பில்கூட இல்லை, அடிக்குறிப்பில். ஆனால் அதன் பலம் என்ன தெரியுமா? பணியில் இருக்கும் ஜெனரல் எங்கே போக வேண்டும், போகக்கூடாது என்று முடிவு செய்வது ராணுவத் தலைமை. தலைமை ஒரு ஆளைத் தரவில்லை என்றால் ராணுவ அமைச்சர் இல்லை. ராணுவ அமைச்சர் இல்லை என்றால் அமைச்சரவையே இல்லை. துப்பாக்கி தேவையில்லை, டாங்கி தேவையில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் போதும், ஆட்சி கவிழ்ந்துவிடும்.

1912-இல் அப்படித்தான் கவிழ்ந்தது. கொரியாவில் நிறுத்த இரண்டு புதிய டிவிஷன் வேண்டும் என்று ராணுவம் கேட்டது, பிரதமராக இருந்த இதே சாயோன்ஜி பணம் இல்லை என்றார், ராணுவ அமைச்சர் உயேஹாரா ராஜினாமா செய்தார், பதிலுக்கு ஆள் வரவில்லை, ஆட்சி போனது. மக்கள் தெருவில் இறங்கிய பெரிய கலாட்டாவுக்குப் பிறகு 1913-இல் கடற்படை அட்மிரல் யாமாமோதோ பிரதமராகி, அந்த ‘கெனெகி’ என்ற சொல்லை ஆணையிலிருந்து எடுத்தார். இனிமேல் ஓய்வுபெற்ற ஜெனரலும் ராணுவ அமைச்சராகலாம். ராணுவத்தின் எதிர்ப்பை மீறி அதில் கையெழுத்துப் போட்ட ராணுவ அமைச்சர் கிகோஷி யாசுத்சுனா, அதற்குப் பிறகு முழு ஜெனரலாக ஆகவே இல்லை. தன் ராணுவ வாழ்க்கையை அந்த ஒரு சொல்லுக்கு விலையாகக் கொடுத்தார்.

அந்த ஆண்டு ராணுவ அமைச்சகத்தில் ராணுவ விவகாரப் பிரிவின் தலைவராக ஒரு கர்னல் இருந்தார். இந்தச் சொல்லை எடுப்பது ராணுவத்தின் கழுத்தை அறுப்பது என்று அவர் நினைத்தார். பேர் போடாமல் ஒரு எதிர்ப்புத் துண்டறிக்கை எழுதிச் சுற்றுக்கு விட்டார். ‘மொட்டைக் கடுதாசி’ என்று நாம் சொல்வோமே, அதன் உயர்தர அரசாங்க வடிவம். மாட்டிக்கொண்டார். நகோயாவில் 6-ஆவது காலாட்படை ரெஜிமென்டைப் பார்த்துக்கொள் என்று தலைநகரிலிருந்து கிளப்பிவிட்டார்கள்.

அந்தக் கர்னல்தான் உகாகி.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு டீ போடப் போனேன். தன்வினை தன்னைச் சுடும் என்று ஒரு வரியில் முடித்துவிடத் தோன்றியது. முடிக்க வேண்டாம், இன்னும் இருக்கிறது.

நகோயாவோடு அவர் கதை முடியவில்லை. டிவிஷன் தளபதி, துணை அமைச்சர் என்று ஏறி, 1924 ஜனவரியில் ராணுவ அமைச்சரானார். உயேஹாரா வேறொருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார், தனாகா உகாகியைத் தள்ளினார், தனாகா ஜெயித்தார். உயேஹாரா பக்கத்து ஆட்களின் வன்மம் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

1925 மே மாதம் உகாகி செய்த காரியம்தான் அவரை நாடெங்கும் பேசவைத்தது. 21 டிவிஷன்களில் நான்கைக் கலைத்தார். தகாதா, தொயோஹாஷி, ஒக்காயாமா, குருமே. சுமார் 34,000 பேர், 6,000 குதிரைகள். ஒக்காயாமா அவருடைய சொந்த ஊர்ப்பக்கம் என்பதைக் கவனியுங்கள். சொந்த ஊர் டிவிஷனையே வெட்டியவனைப் பட்சபாதக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது. அதை யோசித்தே செய்திருப்பாரோ என்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

தகாதாவுக்கு ஒரு ஏப்ரலில் போயிருக்கிறேன். இப்போது அது நீகாத்தா மாநிலத்தில் ஜோயெத்சு நகரத்தின் ஒரு பகுதி. கோட்டை அகழியைச் சுற்றி வரிசை வரிசையாகச் செர்ரி மரங்கள், ராத்திரி விளக்குப் போட்டுவிடுகிறார்கள். வறுத்த நூடுல்ஸ் கடை, சோளக்கடை, தாத்தா பாட்டிகள் நீலத் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீரில் பூவின் நிழல் அப்படியே தலைகீழாக நிற்கிறது. அந்த மரங்கள் எப்படி வந்தன என்று பார்த்தால், 13-ஆவது டிவிஷன் ஊருக்கு வந்ததைக் கொண்டாட 1909-இல் நட்டவை. டிவிஷன் வந்தால் ஊருக்குக் கடை, விடுதி, கல்யாண மாப்பிள்ளை எல்லாம் வரும். ஜப்பானுக்குப் பனிச்சறுக்கு வந்ததும் இங்கேதான்; 1911-இல் ஆஸ்திரிய மேஜர் லெர்ஹ் இந்த டிவிஷன்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதே காலத்தில் இதே டிவிஷனின் பீரங்கி ரெஜிமென்டில் பனியில் குதிரை தேய்த்துக்கொண்டிருந்த ஒரு சீனப் பயிற்சி மாணவன் பெயர் சியாங் கை ஷேக். பதினாறு வருடத்தில் டிவிஷனை உகாகி கலைத்துவிட்டார். மரங்கள் இருக்கின்றன.

இந்த ஆட்குறைப்பை வைத்து உகாகியைச் சமாதானப் புறா ஆக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. மிச்சமான பணத்தை அவர் கஜானாவுக்குத் திருப்பித் தரவில்லை. டாங்கிப் படை, விமானப் படை, விமான எதிர்ப்புப் பீரங்கி என்று புதுசாக வாங்கினார். முதல் உலகப் போரின் ஐரோப்பியக் களத்தை நேரில் பார்க்காத ராணுவத்தை அந்தப் போரின் தரத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். கலைத்த டிவிஷன்களில் மிஞ்சிய அதிகாரிகளில் பலரை நடுநிலைப் பள்ளிகளுக்கும் மேற்படிப்புக் கல்லூரிகளுக்கும் அனுப்பி, பிள்ளைகளுக்கு ராணுவ டிரில் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஒரு பக்கம் படையைச் சுருக்கினார், இன்னொரு பக்கம் பள்ளிக்கூட மைதானம் பாதியைப் படையாக்கினார். இருந்தாலும் ராணுவத்துக்குள் அவரை யாரும் இதற்காகப் பாராட்டவில்லை. வேலை போன அதிகாரிக்கும், ரெஜிமென்ட் கொடியைத் திருப்பிக் கொடுத்த அதிகாரிக்கும் டாங்கி வாங்கியதெல்லாம் கண்ணில் படாது. கட்சிக்காரர்களோடு சேர்ந்து நம் வயிற்றில் அடித்தவன் என்ற பேர் அவர்மேல் நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடம் அந்தக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

1931 மார்ச். இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நான் சலுகை காட்டியதாகிவிடும். பிரதமர் ஹமாகுச்சி முந்தின நவம்பரில் தோக்கியோ ரயில் நிலையத்தில் சுடப்பட்டு இன்னும் தேறாமல் இருந்தார். உகாகி இரண்டாம் முறையாக ராணுவ அமைச்சர். ராணுவத்தின் நடுமட்ட அதிகாரிகள் சிலரும் ஒக்காவா ஷூமெய் என்ற சித்தாந்தியும் ஒரு திட்டம் போட்டார்கள். நாடாளுமன்றத்தைச் சுற்றிக் கலவரம் கிளப்புவது, சத்தத்துக்காக 300 பயிற்சிக் குண்டுகள், பாதுகாப்பு என்ற பேரில் துருப்புகள் உள்ளே போவது, ஆட்சியை ராஜினாமா செய்யவைப்பது, உகாகியைப் பிரதமராக்குவது. அமைச்சகத்தின் ராணுவ விவகாரத் துறைத் தலைவர் கொய்சோ குனியாகிவரை இதில் கை இருந்தது. குண்டுகளும் வாங்கியாயிற்று. உகாகிக்கு எவ்வளவு தெரியும், எப்போது தெரியும் என்பதில் ஆளுக்கு ஒரு கதை. ஆரம்பத்தில் வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவில்லை என்பதும், கடைசியில் நிறுத்தச் சொன்னார் என்பதும்தான் எல்லாக் கதைகளிலும் பொதுவாக இருப்பது. யாருக்கும் தண்டனை இல்லை, எல்லாவற்றையும் பாய்க்கு அடியில் பெருக்கித் தள்ளினார்கள். ஆறு மாதத்தில் சீனாவின் மஞ்சூரியாவில் அவர்களின் சகாக்கள் அடுத்ததை, படையெடுப்பை, ஆரம்பித்தார்கள்.

என் கருத்து, உகாகி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பழம் தானாக விழும்போலிருக்கிறது, எதற்குக் கல்லெறிய வேண்டும் என்று அவர் கைவிட்டிருக்கலாம். ஹமாகுச்சிக்குப் பிறகு கட்சியே தன்னைக் கூப்பிடும் என்று நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது. கூப்பிடவில்லை.

அந்த ஜூனில் கொரியாவின் கவர்னர் ஜெனரலாகப் போனார், ரிசர்வ் பட்டியலுக்கும் மாறினார். ஐந்து வருடம். தெற்கில் பருத்தி, வடக்கில் செம்மறி ஆடு. கிராம மறுமலர்ச்சி இயக்கம். வடக்கு ஆறுகளில் நீர்மின்சாரம், அதை நம்பி ரசாயன ஆலைகள். ஜப்பானிய வாழ்க்கை வரலாறுகளில் இது நல்ல நிர்வாகி என்ற அத்தியாயத்தில் வரும். பருத்தியும் கம்பளியும் யாருடைய ஆலைக்குப் போயின என்று கேட்டால் அத்தியாயத்தின் தலைப்பு மாறும்.

இப்போது மறுபடி ஜனவரி 1937.

இதற்குள் ‘கெனெகி’ திரும்பி வந்திருந்தது. 1936 பிப்ரவரியில் இளம் அதிகாரிகள் தோக்கியோ நடுவே கலகம் செய்து அமைச்சர்களைக் கொன்றார்கள் அல்லவா, அதை அடக்கிய ராணுவத் தலைமை, கலகக்காரர்களுக்கு வேண்டப்பட்டவர்கள் என்று ஓய்வில் அனுப்பிய மூத்த ஜெனரல்கள் பின்வாசல் வழியாக அமைச்சராகத் திரும்பிவிடக்கூடாது என்ற காரணத்தைச் சொல்லி, அந்த மேயிலேயே பிரதமர் ஹிரோத்தாவின் அமைச்சரவையிடம் பழைய சொல்லைத் திரும்ப எழுத வைத்தது. இதில் ஒரு வேடிக்கை: 1913-க்கும் 1936-க்கும் நடுவில், ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர்கூட ராணுவ அமைச்சராக வரவே இல்லை. கதவு திறந்திருந்தது, யாரும் நுழையவில்லை. அதனால் அதைச் சாத்தியபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவும் இல்லை.

எட்டு மாதம் கழித்து, ஜனவரி 21. நாடாளுமன்றத்தில் ஹமாதா குனிமாட்சு என்ற மூத்த உறுப்பினர் ராணுவத்தின் அரசியல் தலையீட்டை வெளுத்து வாங்கினார். ராணுவ அமைச்சர் தெராவுச்சி ஹிசாய்ச்சி, ராணுவத்தை அவமானப்படுத்துவதுபோல் பேசுகிறீர்கள் என்றார். ஹமாதா விடவில்லை. அவைக்குறிப்பை எடுத்துப் பாருங்கள், நான் அவமானப்படுத்தியிருந்தால் வயிற்றைக் கிழித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறேன், இல்லையென்றால் நீங்கள் கிழித்துக்கொள்ளுங்கள் என்றார். 68 வயதுக்காரர், முன்னாள் சபாநாயகர். தெராவுச்சி கோபத்தில் அவையைக் கலை என்று நின்றார், கட்சி அமைச்சர்கள் மறுத்தார்கள், ஹிரோத்தா ராஜினாமா செய்துவிட்டார். (இந்தத் தெராவுச்சிதான் பிற்பாடு ஜப்பானின் தென்பகுதிப் படைகளுக்குத் தலைமைத் தளபதி. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோய்ச் சாகடித்த சயாம் ரயில்பாதை அவருடைய படையின் கீழ் போட்டது.)

சாயோன்ஜி உகாகியின் பெயரைச் சொன்னார். கட்சிகளுக்குச் சந்தோஷம், தொழிலதிபர்களுக்குச் சந்தோஷம், பத்திரிகைகளுக்கும். ராணுவத்தை அடக்கத் தெரிந்த ராணுவக்காரர் வருகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதே காரணத்துக்காகத்தான் ராணுவத் தலைமையகத்தில் இஷிவாரா கான்ஜி முதலான அதிகாரிகள் அவரை எப்படியாவது தடுப்பது என்று இரவே முடிவு செய்தார்கள். பாலத்தில் நாகஜிமா நின்றது அதனால்தான். அந்த நாகஜிமா வருடக் கடைசியில் 16-ஆவது டிவிஷனின் தளபதியாக, படுகொலை நடந்த சீன நகரமான நான்ஜிங்கில் இருந்தார். கைதிகளை என்ன செய்தோம் என்று அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

காரில் சொன்னது பலிக்கவில்லை. அடுத்து அட்டவணைக் குறிப்பு வேலையைத் தொடங்கியது. ராணுவ அமைச்சர் பதவிக்கு ஆள் கேட்டார் உகாகி. முறைப்படி மூன்று பெயர் வந்தது: சுகியாமா, நாகாமுரா கோதாரோ, கத்சுகி. மூவரும் மறுத்துவிட்டார்கள் என்ற செய்தியும் கூடவே வந்தது. இந்தச் சூழ்நிலையில் ராணுவத்தைக் கட்டுக்குள் வைக்க எங்களால் ஆகாது என்பது காரணம். கல்யாணத்துக்குப் பத்திரிகையும் வைத்துவிட்டு, வராதீர்கள் என்று போனும் பண்ணுவதுபோல. உகாகி கொரியாவில் படைத்தளபதியாக இருந்த கொய்சோவைக் கேட்டார். ஆறு வருடத்துக்கு முன் உகாகியைப் பிரதமராக்கப் பயிற்சிக் குண்டு ஏற்பாடு செய்த அதே கொய்சோ. மாட்டேன் என்றார். எல்லாவற்றையும் விட எனக்கு நெஞ்சு பொறுக்காதது, ராணுவம் உகாகியை மறுக்கச் சொன்ன காரணங்களில் மார்ச் 1931-உம் ஒன்று. சதி செய்தவர்கள் பதவியில் இருந்துகொண்டு, சதியால் லாபம் அடைந்திருக்கக்கூடியவர் என்று அவரைக் கைகாட்டினார்கள்.

1913-இன் திருத்தம் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் இதில் எந்தச் சிக்கலும் இல்லை. உகாகி ரிசர்வ் ஜெனரல். தானே பிரதமர், தானே ராணுவ அமைச்சர் என்று இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கலாம். மொட்டைக் கடுதாசி எழுதி எந்தத் திருத்தத்தை எதிர்த்தாரோ, அந்தத் திருத்தத்தால் மட்டுமே அவர் தப்பித்திருக்க முடியும். அந்த ஐந்து நாளில் அவருக்கு நகோயா ஞாபகம் வந்ததா? வந்திருக்கும். அவ்வளவு மறதிக்காரர் இல்லை. பல பத்தாண்டுகள் விடாமல் நாட்குறிப்பு எழுதியவர்.

கடைசி முயற்சியாக அரண்மனையின் முத்திரைக் காப்பாளர் யுவாசா குராஹெய்யிடம் போனார். பேரரசர் ஒரு வார்த்தை சொல்லட்டும். கொய்சோவை ஏற்றுக்கொள்ளச் சொல்லட்டும், இல்லை என்னையே மறுபடி பணியில் சேர்த்து ராணுவ அமைச்சராக்கட்டும். யுவாசா மறுத்தார். பேரரசரை ராணுவத்துக்கு நேரெதிராக நிறுத்தினால் ரத்தம் சிந்தும் என்ற பயம். முந்தின வருட பிப்ரவரிக் கலகம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பதால் பயத்தைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆனால் எல்லோரும் நியாயமாகப் பயந்து, எல்லோரும் ஒதுங்கி, ஒரு அடிக்குறிப்பு ஜெயித்தது. ஜனவரி 29-ஆம் தேதி உகாகி அரண்மனைக்குப் போய்ப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

பிப்ரவரி 2. ஜெனரல் ஹயாஷி செஞ்சூரோ பிரதமர் ஆனார். ராணுவ அமைச்சர் யார் தெரியுமா? நாகாமுரா கோதாரோ. சில நாளைக்கு முன் தன்னால் ஆகாது என்றவர். ஒரு வாரத்தில் டைஃபாய்டு வந்து விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் சுகியாமா. மறுத்த மூவரில் இன்னொருவர்.

ஜூலையில் சீனாவோடு போர் மூண்டது. அதைத் தடுக்க முடியாமல் தவித்தவர்களில் இஷிவாரா முக்கியமானவர். உகாகியை அன்று விழத்தட்டியது தப்பு என்று பிற்பாடு அவரே வருந்தினார் என்பார்கள். உகாகி இருந்திருந்தால் போர் நின்றிருக்குமா என்ற விவாதத்தை ஜப்பானியர்கள் இன்னும் விடவில்லை. நான் அதில் இறங்கவில்லை. அதிகாரிகள் அமைச்சருக்குக் கட்டுப்படாத ராணுவத்தை ஒரு மனிதர் எத்தனை மாதம் பிடித்து நிறுத்துவார்?

ஒரு சின்னப் பரிசோதனை நடந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். 1938 மே மாதம் பிரதமர் கொனோயே அவரை வெளியுறவு அமைச்சராக்கினார். சியாங் கை ஷேக்கின் அரசோடு பேசவே மாட்டோம் என்று அந்த ஜனவரியில் கொனோயே போட்ட பிரகடனத்தை ஓரம்கட்டிவிட்டு, ஹாங்காங் வழியாக சியாங்கின் சகலை குங்கின் ஆட்களோடு உகாகி ரகசியமாகப் பேசத் தொடங்கினார். தகாதாவில் குதிரை தேய்த்த பையனின் அரசும், தகாதா டிவிஷனைக் கலைத்த அமைச்சரும். நன்றாகத்தான் போனது என்று தோன்றும்போது, சீன விவகாரத்தை வெளியுறவு அமைச்சகத்திடமிருந்து பிடுங்கித் தனி அமைப்பிடம் கொடுக்கும் திட்டத்தை ராணுவம் கொண்டுவந்தது. கொனோயே வழக்கம்போல வளைந்தார். செப்டம்பர் கடைசியில் உகாகி ராஜினாமா. நான்கே மாதம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்சி கவிழும்போதும் அவர் பெயர் அடிபட்டது. அவரிடம் துணையாக இருந்த அபே நொபுயூகி 1939-இல் பிரதமர் ஆனார். போனில் மாட்டேன் என்ற கொய்சோ 1944-இல் பிரதமர் ஆனார். கோள் வானத்திலேயே நின்றது.

ஜப்பான் போரில் தோற்ற பிறகு, தோக்கியோ போர்க்குற்ற விசாரணையின் தலைமை அரசு வழக்கறிஞர் ஜோசஃப் கீனன், ஜப்பானில் உண்மையாகவே சமாதானம் விரும்பியவர்கள் என்று நான்கு பேரைச் சொன்னார். முன்னாள் பிரதமர்கள் வக்காத்சுகி, ஒக்காதா, யோனாய்; நான்காவது உகாகி. டிரில் கற்ற பள்ளிப் பிள்ளைகளையும் கொரிய விவசாயிகளையும் கேட்காமல் எழுதிய சான்றிதழ். ஆனால் கொய்சோ கூண்டில் நின்றார், உகாகி நிற்கவில்லை என்பதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. போருக்குப் பின் வந்த நேச நாட்டு ஆக்கிரமிப்பு அரசு அவர்மேல் போட்ட பதவித் தடை 1952-இல் நீங்கியது. புதிய அரசியலமைப்பு, அமைச்சர்கள் எல்லோரும் சிவிலியன்களாக இருக்க வேண்டும் என்கிறது. ‘கெனெகி’ இந்த முறை அட்டவணையிலிருந்து அல்ல, அமைச்சரவை அறையிலிருந்தே வெளியே போனது.

1953 ஏப்ரல், மேலவைத் தேர்தல். நாடு முழுவதும் ஒரே தொகுதி என்று ஒரு முறை அப்போது இருந்தது. ஜப்பானில் ஓட்டுச் சீட்டில் சின்னம் இருக்காது, முத்திரை குத்துவது கிடையாது. வேட்பாளர் பெயரை வாக்காளரே பென்சிலால் எழுத வேண்டும். 84 வயது உகாகி நின்றார். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவர் பெயரை எழுதினார்கள். நாட்டிலேயே முதல் இடம்.

ஏன் எழுதினார்கள் என்று அந்த வாத்தியார் பெரியவரைக் கேட்டேன். அவர் அப்போது சின்னப் பையன். “என் அப்பா எழுதினார்” என்றார். காரணம் சொன்னாரா? “சொல்லவில்லை. அவன் மட்டும் வந்திருந்தால் என்று ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார்.” அவருடைய அண்ணன் பர்மாவிலிருந்து திரும்பவில்லை என்று வேறொரு நாள் சொல்லியிருந்தார். நான் இரண்டையும் சேர்த்துக் கேட்கவில்லை.

பிரசாரத்தின்போதே உகாகி உடல்நலம் கெட்டு விழுந்துவிட்டார். ஜெயித்த இடத்தில் போய் உட்கார்ந்து உருப்படியாக எதுவும் செய்ய முடியவில்லை. 1956 ஏப்ரல் 30, இசு நாகாவோகாவில் இறந்தார். கார் கிளம்பிய அதே ஊர்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின ஜனவரியில் குடும்பத்தோடு அங்கே போனேன். மிஷிமாவில் இறங்கிச் சின்ன ரயில் மாறிப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு ஸ்ட்ராபெரி பறிக்க வேண்டும், அதுதான் பயணத்தின் அதிகாரபூர்வக் காரணம். பாலித்தீன் கூடாரத்துக்குள் கதகதவென்று இருந்தது, ஆளுக்கு ஒரு சின்னத் தட்டும் கொஞ்சம் பாலேடும் கொடுத்தார்கள், அரைமணி நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். சின்னவள் நாற்பதுக்கு மேல் எண்ணினாள். உகாகியின் வீட்டைத் தேடிப் போகலாமா என்றேன், மழை தூறியது, மனைவி பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன். சாயங்காலம் மிஷிமாவிலிருந்து தோக்காய்தோ பாதையில் ரயில் ஏறினோம். ரயில் தாமா ஆற்றைத் தாண்டித் தோக்கியோவுக்குள் போகும். நாங்கள் அதற்கு முந்தின நிறுத்தமான காவசாகியில் இறங்கிக்கொண்டோம்.